ஜப்பான் மரக்கட்டை படங்கள்: மலையும் கடலும் புதுசா பாக்க வர்றவங்களுக்கு

அந்த பெரிய அலை படத்த எல்லாருமே பாத்திருப்பீங்க. டீ-ஷர்ட்ல, லேப்டாப் ஸ்டிக்கர்ல, மொபைல் கவர்ல, காஃபி ஷாப் சுவத்துல, இப்ப 2024 ஜூலைலருந்து ஜப்பானோட 1000 யென் நோட்டு பின்பக்கத்துலயும் அதேதான். நான் ரொம்ப நாளா அது ஒரு பெயின்டிங்னே நெனச்சிட்டு இருந்தேன், எங்கயோ ஒரு மியூசியத்துல சுவர் முழுக்க பெருசா மாட்டி வெச்சிருப்பாங்கன்னு ஒரு கற்பனை. ஆன்சைட் வேலையா டோக்கியோ போயிருந்தப்ப கூட வேலை பாத்த ஒரு ஜப்பான்காரர் கிட்ட "இதோட ஒரிஜினல் எங்க சார் இருக்கு?"ன்னு கேட்டேன். அவரு சிரிக்காம "எந்த ஒரிஜினல்?"னு திருப்பி கேட்டாரு. அப்புறம் கைய ரெண்டையும் விரிச்சு இவ்வளவுதான் சைஸுன்னு காட்டினாரு, ஏ3 பேப்பர விட கொஞ்சம் சின்னது, சுமாரா 26க்கு 38 சென்டிமீட்டர்.

அந்த ஒரு கேள்வில இருந்துதான் எனக்கு இந்த பைத்தியம் ஆரம்பிச்சது. நான் எந்த ஆர்ட் காலேஜும் போனதில்ல, சும்மா பாத்து பாத்து, தப்பா வாங்கி, கத்துக்கிட்டது. புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது ஒன்னே ஒன்னுதான்: வரைஞ்சவரு பேர கொஞ்ச நேரம் மறந்துட்டு, அச்சு போட்டவரு கைய தேடுங்க. அது கண்ணுக்கு சிக்க ஆரம்பிச்சா மத்ததெல்லாம் தானா வரும்.

முதல்ல, இத யாரு செஞ்சதுன்னு தெளிவாகிக்கோங்க

அந்த அலைய ஹொகுசாய் வரைஞ்சாரு, பனி மழை படங்கள ஹிரோஷிகே வரைஞ்சாருன்னு சொல்றோம், ஆனா ஒரு படத்துக்கு நாலு பேரு வேணும். காசு போட்டு, என்ன படம் போடலாம்னு முடிவு பண்ணி, கடைல விக்கிற பதிப்பாளர், அவருக்கு ஹன்மோதோன்னு பேரு. வரையறவரு எஷி. கட்டை செதுக்குறவரு ஹோரிஷி. அச்சு போடறவரு சூரிஷி. ஓவியர் மெல்லிசு பேப்பர்ல கருப்பு கோட்டுல வரைஞ்சு குடுப்பாரு, செதுக்குறவரு அந்த பேப்பர காட்டு செர்ரி மர பலகை மேல கவுத்து ஒட்டி, கோட்ட மட்டும் விட்டுட்டு மீதி மரத்தையெல்லாம் கத்தியால எடுத்துருவாரு. அப்ப அந்த வரைஞ்ச பேப்பர் என்ன ஆகும்? கத்தியோட போயிடும். அதான் என் ஃப்ரெண்டு "எந்த ஒரிஜினல்?"னு கேட்டது. ஹொகுசாய் கைபட்ட அந்த தாள் படம் பொறக்கும்போதே காலி, நம்ம கைக்கு வர்றது எல்லாமே அச்சுதான்.

அந்த முதல் கட்டைலருந்து கருப்பு கோட்டு பிரதி சிலது எடுத்து, எந்த இடத்துக்கு என்ன கலர்னு குறிச்சு, ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியா செதுக்குவாங்க. மரம் வெலை ஜாஸ்திங்கறதால பலகையோட ரெண்டு பக்கமும் செதுக்கறதும் உண்டு. இப்ப கேள்வி வரும், இத்தன பலகைல மாத்தி மாத்தி வெச்சு அழுத்தினா கலர் விலகாதான்னு. மலிவான காலண்டர்ல சாமி உதட்டு சிவப்பு கன்னத்துக்கு போயிருக்கும் பாருங்க, அந்த மாதிரி ஆகாம இருக்க ஒவ்வொரு பலகையோட ஓரத்துலயும் ரெண்டு சின்ன குறி செதுக்கியிருப்பாங்க, மூலைல ஒரு 'ட' மாதிரி வளைவு, கொஞ்சம் தள்ளி ஒரு நேர்கோடு. கென்டோன்னு பேரு. பேப்பரோட மூலையும் ஓரமும் அந்த ரெண்டு குறில போய் உக்காந்துட்டா அவ்வளவுதான், பத்து பலகை மாத்தினாலும் கோடு பிசகாது. இவ்வளவு எளிமையான ஒரு ஐடியா, முழுசா கலர் படம் அடிக்க ஆரம்பிச்ச 1765 சுமார்லருந்து இன்னைக்கு வரைக்கும் அதேதான் ஓடுது.

மெஷின் கிடையாது, பிரஸ் கிடையாது. கலர் எல்லாம் தண்ணில கலக்கறது, கொஞ்சம் அரிசி மாவு பசை சேத்து. பேப்பர் கோசோங்கற செடிப்பட்டைல செஞ்ச வாஷி, லேசா ஈரமாக்கி வெச்சிருப்பாங்க. மேல இருந்து அழுத்த பாரென்னு ஒரு தட்டு மாதிரி ஒன்னு, உள்ள முறுக்கின கயிறு சுருள், மேல மூங்கில் மட்டை உறை. அத வெச்சு பேப்பரோட முதுக தேய்ப்பாங்க, அம்மில அரைக்கிற மாதிரி தோள்லருந்து வர்ற அழுத்தம்.

ரெண்டாவது, வானத்த பாருங்க

நான் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்ல உக்காந்து இத கிட்டத்துல பாத்தேன், அதுக்கப்புறம்தான் கண்ணு தொறந்துச்சுன்னு சொல்லணும். அந்தப் பெரியவரு ஒரு வானத்துக்கான பலகைய எடுத்தாரு. அதுல செதுக்கல் ஒன்னும் பெருசா இல்ல, மொழுமொழுன்னு ஒரு சமமான பரப்பு. ஈரத்துணியால ஒரு தடவ துடைச்சாரு. ப்ரஷோட ஒரு மூலைல மட்டும் நீலம் எடுத்து பலகையோட மேல் ஓரத்துல வெச்சு இப்படியும் அப்படியும் இழுத்தாரு, மேல கெட்டியா இருந்த நீலம் கீழ வரவர ஈரத்துல கரைஞ்சு ஒன்னுமில்லாம போச்சு. பேப்பர குறில வெச்சு, பாரென்ல நாலு தேய்ப்பு, தூக்கினாரு. வானம் மேல அடர்த்தியா, கீழ வெளுத்து, விடியக்காலை மாதிரி. மொத்தம் ஒரு நிமிஷம் கூட ஆகல. அடுத்த பேப்பருக்கு திரும்ப அதே துடைப்பு, அதே இழுப்பு.

இதுக்கு பேரு போகாஷி. படத்தோட உச்சில நேரா ஒரு பட்டை மாதிரி ஓடுற நீலம் பாத்திருப்பீங்களே, அதுவும் இதுல ஒரு வகைதான். பாயின்ட் என்னன்னா இந்த சாயல் மாறுறது கட்டைல செதுக்கப்படல, அச்சு போடறவரு ஒவ்வொரு தாளுக்கும் கையால புதுசா போடறது. அப்ப ரெண்டு தாள் எப்படி ஒரே மாதிரி இருக்கும்? இருக்காது. அந்தப் பெரியவரு அடிச்ச ரெண்டு பேப்பர பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தேன், ரெண்டாவதுல நீலம் அரை விரக்கடை கீழ எறங்கியிருந்துச்சு. மழை வரப்போற வானமா மாறிடுச்சு அது.

அதனால எந்த நிலக்காட்சி படம் பாத்தாலும் முதல்ல மலைய பாக்காதீங்க, வானத்தோட மேல் ஓரத்த பாருங்க, அப்புறம் கடலோட கீழ் ஓரம். அங்கதான் சூரிஷியோட கை இருக்கு.

மூணாவது, அலை படத்தோட பத்து நிமிஷம் உக்காருங்க

இப்ப அந்த பிரபலமான படத்துக்கு வருவோம். ஹொகுசாய் (1760 - 1849) இத வரைஞ்சப்ப வயசு 70 ஒட்டி, 1831 வாக்குல வந்தது. 'ஃபூஜி மலையின் 36 காட்சிகள்'ங்கற தொடர்ல ஒன்னு. அந்த தொடர்ல மொத்தம் 46 படம் இருக்கு, அது வேற கதை, நல்லா வித்துச்சு, பதிப்பாளர் நிஷிமுரயா யோஹாச்சி இன்னும் 10 சேத்து போட்டாரு, பேர மட்டும் மாத்தல. நம்ம ஊரு சீரியல் மாதிரிதான்.

படத்த பெருசாக்கி வெச்சுக்கிட்டு வலது பக்கத்துலருந்து கண்ண ஓட்டுங்க, ஜப்பான்ல அப்ப வாசிக்கிறது அப்படித்தான். மூணு படகு இருக்கும். நிறைய பேரு அலைய மட்டும் பாத்துட்டு படகுல ஆளு இருக்கறதயே கவனிக்கறதில்ல. மீன் ஏத்திட்டு எடோ (இன்னைக்கு டோக்கியோ) சந்தைக்கு வேகமா போற வகை படகு, ரெண்டு பக்கமும் துடுப்புக்காரங்க குனிஞ்சு துடுப்ப கட்டிப்பிடிச்சிட்டு கெடக்காங்க, யாரு மூஞ்சிலயும் பெருசா ஒரு அலறல் இல்ல. அப்புறம் நடுவுல கீழ, சின்னூண்டா, பனி மூடின ஃபூஜி. தொடரோட ஹீரோவே அதுதான் ஆனா கட்டை வெரல் சைஸ்ல உக்காந்திருக்கு. இப்ப அதுக்கு முன்னாடி எழும்புற குட்டி அலைய பாருங்க, உச்சில வெள்ளையா முக்கோணமா, அதுவே இன்னொரு ஃபூஜி. பெரிய அலையோட நுரைத்துளி மலை மேல பனியா கொட்டுற மாதிரி விழும். இத கண்டுபிடிச்ச அன்னைக்கு நான் ஆபீஸ்ல ஒரு நாலு பேர கூப்ட்டு காட்டியிருப்பேன், ஒருத்தனும் பெருசா மதிக்கல.

அந்த நீலத்த பத்தி ஒரு வார்த்த. அதுக்கு ஜப்பான்ல பெரோ-ஐன்னு பேரு, பெர்லின் நீலம். 18ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல பெர்லின்ல தற்செயலா கண்டுபிடிச்ச பிரஷ்யன் புளூதான் அது. டச்சு, சீன வியாபாரிங்க வழியா நாகசாகிக்கு வந்து, 1830 வாக்குல வெலை எறங்கினதும் எல்லாரும் பாஞ்சாங்க. அதுக்கு முன்னாடி பூவுலருந்து எடுத்த நீலம் வெயில் பட்டா வெளுத்துரும், அவுரி நீலத்துல இந்த மாதிரி ஆழமும் மெல்லிசான கரைசலும் ஒன்னா கெடைக்காது. கடலும் வானமும் வெச்சே முழு படம் போடலாம்ங்கற தைரியம் வந்ததுக்கு இந்த நீலமும் ஒரு காரணம்னு நான் நெனைக்கறேன். 36 காட்சிகள்ல கஜிகசாவான்னு ஒரு படம், பாறை நுனில ஒரு மீனவர் வலை கயித்த பிடிச்சு நிக்கிறாரு, அந்த கயிறும் பாறையும் சேந்து பின்னாடி இருக்கற ஃபூஜியோட முக்கோணத்த திரும்ப போடும். அதோட ஆரம்ப பிரதிங்க கிட்டத்தட்ட முழுக்க நீலத்துலயே இருக்கும். எனக்கு அலைய விட இதான் ஒசத்தி, சண்டைக்கு வந்தாலும் பரவால்ல.

நாலாவது, ஒரே படத்தோட ரெண்டு பிரதிய பக்கத்துல வைங்க

இதுதான் இந்த வழிகாட்டில நெஜமான வேலை, மத்ததெல்லாம் இதுக்கு முன்னுரை. காசு ஒன்னும் வேணாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம், ஷிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட், லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் மூணுமே அவங்க தளத்துல பெரிய சைஸ் படம் போட்டு வெச்சிருக்காங்க, முதல் ரெண்டுலயும் எறக்கி என்ன வேணா பண்ணிக்கலாம்னு அனுமதியே இருக்கு. ஷிகாகோல மட்டும் அலை படத்துக்கு 3 பிரதி இருக்கு. உகியோ-ஏ (இந்த வகை படங்களுக்கு ஜப்பான்ல அதான் பேரு) டாட் ஆர்க்னு ஒரு தேடுதளம் இருக்கு, அங்க ஒரு படத்த அப்லோட் பண்ணா அதே படத்தோட மத்த மியூசியம் பிரதிகளயும் வரிசையா காட்டும், இத விட பெரிய வாத்தியார் கெடையாது.

ரெண்டு அலைய தெறந்து பக்கத்துல பக்கத்துல வெச்சுக்கோங்க. இடது மேல ஒரு செவ்வக கட்டம் இருக்கும், அதுல தொடரோட பேரும் படத்தோட பேரும். பக்கத்துல கையெழுத்து, 'ஹொகுசாய்ங்கற பேர மாத்திக்கிட்ட ஈட்சுவின் தூரிகை'ன்னு அர்த்தம் வரும், மனுஷன் வாழ்க்கைல தன் பேர 30 தடவைக்கு மேல மாத்தினவரு. அந்த கட்டத்தோட கோட்ட உத்து பாருங்க. ஒரு பிரதில கோடு முழுசா இருக்கும், இன்னொன்னுல அங்கங்க உடைஞ்சிருக்கும். ஆயிரக்கணக்குல அடிக்க அடிக்க மரம் தேஞ்சு, மெல்லிசான கோடு நசுங்கி, ஒடைஞ்சு போச்சு. உடையாத கோடுன்னா ஆரம்பத்துல அடிச்சது, உடைஞ்சதுன்னா கட்டைக்கு வயசாயிடுச்சு. அடுத்து வானம். நல்ல பிரதில ஃபூஜிக்கு மேல லேசான ரோஸ் கலர் மேகம் தெரியும், பல பிரதில அது வெளுத்து இருக்கறதே தெரியாது. நீங்க போஸ்டர்ல பாத்தது அனேகமா மேகம் இல்லாத வானமாத்தான் இருக்கும்.

இது வெறும் விளையாட்டு இல்ல, வெலைய முடிவு பண்றதும் இதுதான். 2023 மார்ச்ல நியூயார்க் ஏலத்துல ஒரு நல்ல ஆரம்ப பிரதி 27 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு போச்சு. அடிச்ச காலத்துல ரெண்டு கிண்ணம் சோபா நூடுல்ஸ் வெலைக்கு தெருவுல வித்த சமாச்சாரம்.

அலை முடிச்சிட்டு சிவப்பு ஃபூஜிக்கு போங்க, 'தென்றல், தெளிந்த காலை'ன்னு தமிழ்ல சொல்லலாம். ஆளு கிடையாது, படகு கிடையாது, மலை, வானம், மேகம், அடிவாரத்துல புள்ளி புள்ளியா காடு. நாம பழகின படம் செங்கல் சிவப்புல இருக்கும். ஆனா ரொம்ப ஆரம்ப பிரதி சிலதுல மலை சிவப்பே இல்ல, லேசான காவி ரோஸ், வெயில் இப்பதான் தொடுற மாதிரி. அப்புறம் அடிச்சவங்க சிவப்ப கூட்டிட்டே போயிருக்காங்க. எது ஹொகுசாய் மனசுல இருந்த மலை? அந்த பிரதிகள்ல மலையோட சரிவுல மரத்தோட ரேகை கூட தெரியும், பலகையோட நரம்பு அப்படியே பேப்பர்ல எறங்கி மலையோட தோல் ஆயிடும். ஃபோன்ல பாத்தா தெரியாது, லேப்டாப்ல முழுசா பெருசாக்குங்க.

ஹிரோஷிகேவ பனிலயும் மழைலயும் பிடிங்க

ஹிரோஷிகே (1797 - 1858) வேற மாதிரி ஆளு. ஹொகுசாய் உங்கள உலுக்குவாரு, இவரு பக்கத்துல உக்காந்து மழை பாப்பாரு. எடோலருந்து கியோட்டோ போற தோகைதோ சாலைல இருந்த 53 தங்குமிடங்கள வெச்சு 1833-34ல ஒரு தொடர், தொடக்கமும் முடிவும் சேத்து 55 படம். அதுல கம்பாரான்னு ஒன்ன எடுங்க. ராத்திரி, பனி, மூணு பேரு மட்டும் நடந்து போறாங்க, வலது பக்கம் ரெண்டு பேரு மேட்டுல, இடது பக்கம் ஒருத்தரு கொடைய பாதி விரிச்சு தலைய உள்ள எடுத்துக்கிட்டு. சத்தமே இல்லாத படம். அந்த ஊரு கடலோரத்துல மிதமான தட்பவெப்பம் உள்ள இடம், அப்படி பனி கொட்டறது ரொம்ப அபூர்வம்னு சொல்வாங்க, ஹிரோஷிகே மனசுலருந்து கொட்ட வெச்சிருக்காரு.

இந்தப் படத்துல ரெண்டு வகை பிரதி இருக்கு. ஒன்னுல இருட்டு வானத்தோட உச்சில ஆரம்பிச்சு கீழ வரவர கரையும். இன்னொன்னுல இருட்டு மலைக்கு பின்னாடி கீழ அடர்த்தியா இருந்து மேல போகப்போக வெளுக்கும். கட்டை அதேதான், துடைப்பும் இழுப்பும் மட்டும் தலைகீழ். முதல்ல சொன்னதுல ராத்திரி மேல இருந்து அழுத்தும், ரெண்டாவதுல பனியே வெளிச்சம் விடுற மாதிரி இருக்கும். வாய்ல சொல்றத விட ரெண்டையும் தேடி பாருங்க.

மழைக்கு 'ஷின்-ஓஹாஷி பாலத்தில் திடீர் மழை', 1857, எடோவின் நூறு காட்சிகள் தொடர்ல. மழைக்கோடு ரெண்டு வெவ்வேற சாய்வுல வெட்டிக்கும், அதனாலதான் அது சாரலா இல்லாம ஊத்துற மழையா தெரியுது. அத்தன மெல்லிசான கோட்ட மரத்துல விட்டு வெச்சு மத்தத செதுக்கி எடுத்த ஹோரிஷிய நெனச்சா எனக்கு விரலு வலிக்கும். மேல அந்த கருமேகம், அதுவும் போகாஷிதான், ஆனா நேர்கோடா இல்லாம திட்டு திட்டா. டச்சு ஓவியர் வான் கோ 1887ல இத எண்ணெய் கலர்ல நகல் எடுத்தாரு, கலர் அட்டகாசமா இருக்கும் ஆனா மழை கொஞ்சம் தடிச்சு போயிருக்கும்.

அப்புறம் 20ஆம் நூற்றாண்டு, இங்கதான் நெறைய பேரு மாட்டிக்குவீங்க

ஹொகுசாயும் ஹிரோஷிகேயும் போனதும் கதை முடிஞ்சதுன்னு நெனைக்காதீங்க. வதனபே ஷோசபுரோன்னு ஒரு பதிப்பாளர் பழைய நாலு பேரு கூட்டணி முறையவே திரும்ப கொண்டுவந்தாரு, ஷின்-ஹங்கா, புது அச்சுன்னு பேரு. அவருக்காக வரைஞ்ச கவாசே ஹாசுய் (1883 - 1957) ஊர் ஊரா நோட்டு புக்கோட சுத்தி கடலோரம், ஏரி, நிலா வெளிச்சம், பனின்னு போட்டுத் தள்ளினாரு. 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்துலயும் தீயிலயும் வதனபே கடைல இருந்த கட்டையும் பிரதியும் எரிஞ்சு போச்சு, ஹாசுயோட ஸ்கெட்ச் புக்கும் போச்சு. அதனால அதுக்கு முந்தின பிரதின்னா வெலை வேற. ஸ்டீவ் ஜாப்ஸ் தேடித்தேடி வாங்கினது ஹாசுய் படங்களத்தான்.

நான் புதுசா வர்றவங்களுக்கு முதல்ல காட்டறது யோஷிதா ஹிரோஷி (1876 - 1950). மலையேறி, நெஜமாவே கூடாரம் போட்டு உச்சில தங்கி வரையற ஆளு. அவரு 1926ல செட்டோ உள்கடல்ல நிக்கிற பாய்மரப் படக வெச்சு ஒரு படம் பண்ணாரு. அதே கட்டைகள், கலர மட்டும் மாத்தி ஆறு வேளை: காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, சாயங்காலம், ராத்திரி. ஆறையும் ஒரே ஸ்கிரீன்ல வரிசையா போடுங்க. காலைல தண்ணி மேல பொன்னா சூரியன் ஓடும், மூடுபனில பின்னாடி இருக்கற படகு வெறும் நெழலா கரைஞ்சு போயிடும், ராத்திரில படகுல ஒரு வெளக்கு வெளிச்சம் தண்ணில நடுங்கும். கோட்டுல ஒரு மாத்தமும் இல்ல. நான் இத்தன நேரம் சூரிஷி கை சூரிஷி கைன்னு கத்திட்டு இருந்தது இதுக்குத்தான். கம்பாரால தற்செயலாவோ கடைக்காரர் இஷ்டத்துக்கோ மாறின ஒரு விஷயத்த, யோஷிதா வேணும்னே எடுத்து அதையே படத்தோட விஷயமா ஆக்கிட்டாரு.

இன்னொன்னு, அவரு 1930 கடைசிலருந்து இந்தியா பக்கம் சுத்தினவரு. தாஜ்மஹால், டார்ஜிலிங்லருந்து தெரியற கஞ்சன்ஜங்கா எல்லாம் கட்டைல ஏறுச்சு, நம்ம மதுரை கோயில் கூட அந்த தொடர்ல இருக்கு. மலையும் கடலும் பத்தி பேச வந்த எடத்துல கோயில் எதுக்குன்னு கேக்காதீங்க, தெரிஞ்சதும் சொல்லாம இருக்க முடியல.

வாங்கறதுன்னா

இப்ப என் அவமானக் கதை. ஆன்லைன்ல ஒரு விற்பனையாளர் கிட்ட 'ஒரிஜினல் ஜாப்பனீஸ் உட்பிளாக்'னு போட்டிருந்த ஒரு ஹிரோஷிகே கடல் படம், ஃப்ரேமோட, ஒரு மாச வாடகைல பாதி குடுத்து வாங்கினேன். ஹால்ல மேற்கு ஜன்னலுக்கு நேர் எதிர்ல மாட்டி, வர்றவங்க கிட்டயெல்லாம் பெருமை பீத்திட்டு இருந்தேன். ஒரு நாள் ஃப்ரேம் கண்ணாடி தொடைக்க கழட்டினப்ப சும்மா ஃபோன் கேமராவ மேக்ரோல வெச்சு பாத்தேன். புள்ளி. நியூஸ் பேப்பர் ஃபோட்டோல வர்ற மாதிரி நீலப் புள்ளி, ரோஸ் புள்ளி, மஞ்சப் புள்ளி. ஆஃப்செட் அச்சு, அதாவது மெஷின்ல அடிச்சது. பின்னாடி தடி அட்டைல ஒட்டியிருந்துச்சு, முதுக பாக்கவே விடாம. பணம் திரும்ப வரல.

அதனால ஒழுங்கா கேட்டுக்கோங்க. விக்கிறவர் கிட்ட பின்பக்க ஃபோட்டோ கேளுங்க, அது குடுக்க தயங்கினா அங்கயே நிறுத்திக்கோங்க. கையால அடிச்ச படத்தோட முதுகுல கலர் லேசா ஊறி தெரியும், பாரென் தேய்ச்ச தடம் வட்டம் வட்டமா இருக்கும். முன்பக்கம் பெருசாக்கி பாத்தா புள்ளி இருக்கக்கூடாது, கலர் சமமா, இல்லன்னா மர ரேகையோட இருக்கணும். கைல கெடைச்சா டார்ச்ச பக்கவாட்டுல அடிங்க, கோடு பேப்பருக்குள்ள பதிஞ்சிருக்கறது நெழலா தெரியும்.

ஆனா இந்த சோதனையெல்லாம் பாஸ் ஆயிட்டா அது 1830ல அடிச்சதுன்னு அர்த்தம் இல்ல. இங்கதான் பல பேரு வழுக்கறாங்க. 19ஆம் நூற்றாண்டு கடைசிலருந்து இன்னைக்கு வரைக்கும் புது மரத்துல திரும்ப செதுக்கி, பழைய முறைலயே, அருமையா அடிச்ச மறுபதிப்பு ஏராளம். அது போலி கிடையாது, மறுபதிப்புன்னு சொல்லி வித்தா நல்ல சரக்கு. பழசுன்னு சொல்லி வித்தாதான் தப்பு. பிரிக்க நல்ல வழி, மியூசியம் படத்தோட கோட்டுக்கு கோடு ஒப்பிடறது. நுரையோட நகம் எங்க முடியுது, கயிறு எந்த எடத்துல வெட்டுப்படுது, கையெழுத்துல வளைவு எப்படி. ஒரே கட்டைன்னா எல்லாம் பொருந்தணும், மறுசெதுக்கல்னா எங்கயாவது ஒரு எடத்துல ஹோரிஷியோட கை வேற பக்கம் திரும்பியிருக்கும். பழைய படத்துல கிவாமேன்னு ஒரு சின்ன வட்ட முத்திரை இருக்கும், அரசாங்க தணிக்கை அனுமதி, 1790லருந்து 1840கள் ஆரம்பம் வரைக்கும் ஓடினது. அத பாத்தும் ஏமாறாதீங்க, மறுபதிப்புல அதையும் சேத்தே செதுக்கியிருப்பாங்க.

யோஷிதா படம்னா இடது ஓரத்துல ஜிசூரின்னு ஒரு முத்திரை தேடுங்க, அவரே மேற்பார்வை பாத்து அடிச்சதுன்னு அர்த்தம். அது இல்லாம இருந்தா பெரும்பாலும் அவர் காலத்துக்கு அப்புறம் குடும்பத்தார் அடிச்சது, வெலைல பெரிய வித்தியாசம். ஹாசுய்க்கு ஓரத்துல இருக்கற வதனபே முத்திரையோட வடிவமும் சைஸும் எந்த காலத்து அச்சுன்னு சொல்லும், அதுக்குன்னு அட்டவணைகளே இருக்கு.

என்ன கேட்டா முதல் படமா பழசு வாங்கவே வேணாம். டோக்கியோல அதாச்சி இன்ஸ்டிட்யூட் மாதிரி எடத்துல இன்னைக்கும் செர்ரி மரத்துல செதுக்கி வாஷில அடிக்கறாங்க, அலை படம் அன்னைக்கு கடைல தொங்கினப்ப எந்த பளபளப்புல இருந்திருக்கும்னு அதுலதான் தெரியும். நாம மியூசியத்துல பாக்கறது 190 வருஷம் வெளுத்தது.

வாங்கியாச்சுன்னா எங்க வைக்கறது

என் மேற்கு ஜன்னல் கதைய கேட்டீங்கல்ல. நெஜ படமா இருந்திருந்தா ரெண்டு வருஷத்துல ரோஸும் ஊதாவும் காணாம போயிருக்கும். மியூசியத்துலயே சில வாரம் மங்கலான வெளிச்சத்துல காட்டிட்டு திரும்ப இருட்டுல படுக்க வெச்சுருவாங்க. வீட்டுல வெயில் நேரா படாத சுவரு, யூவி தடுக்கற அக்ரிலிக், படத்துக்கு பின்னாடி அமிலம் இல்லாத மவுன்ட் போர்டு. படம் கண்ணாடியத் தொடக்கூடாது, நடுவுல இடைவெளி விடணும், நம்ம ஊரு புழுக்கத்துக்கு ஒட்டிக்கும், பூஞ்சை புடிக்கும். லேமினேட் பண்றேன், செல்லோ டேப் ஒட்டறேன்னு ஃப்ரேம் கடைக்காரர் சொன்னா படத்த புடுங்கிட்டு ஓடி வந்துருங்க. வெள்ளிப்பூச்சிக்கு அரிசிப் பசைன்னா உயிரு, அதனால வருஷத்துக்கு ரெண்டு தடவ கழட்டி பாருங்க. மாட்டாத நேரம் ஃபோல்டர்ல தட்டையா வைங்க, சுருட்ட வேணாம்.

ஜப்பான் போற வாய்ப்பு கெடைச்சா

டோக்கியோல ஹராஜுகு கூட்டத்துக்கு பக்கத்து சந்துல ஓதா மெமோரியல் மியூசியம், இந்த படங்களுக்குன்னே இருக்கற சின்ன எடம், அடிக்கடி படம் மாத்துவாங்க, அதனால போறதுக்கு முன்னாடி என்ன ஓடுதுன்னு பாத்துட்டு போங்க. ஹொகுசாய் பொறந்த சுமிதா பக்கம் 2016ல தொறந்த ஹொகுசாய் மியூசியம் இருக்கு.

ஒரு நாள் மிச்சமிருந்தா மியூசியத்த விட்டுட்டு சத்தா கணவாய்க்கு போங்க. ஷிசுஓகா மாவட்டம், யூய் ஸ்டேஷன்ல எறங்கி மலைப்பாதைல நடக்கணும், வழியெல்லாம் ஆரஞ்சு தோட்டம். ஹிரோஷிகே தோகைதோ தொடர்ல யூய்னு போட்டிருக்கற படம் இந்த எடம்தான்: இடது பக்கம் செங்குத்தா பாறை, உச்சில சின்ன சின்னதா ஆளுங்க எட்டிப் பாக்கறாங்க, கீழ சுருகா வளைகுடால பாய்மரம், தூரத்துல வெள்ளையா ஃபூஜி. குளிர்காலத்துல விடியக்காலை போங்க, அப்பதான் மலை தெரிய வாய்ப்பு ஜாஸ்தி. நான் ஜூன்ல போய் நின்னேன். பாறை அதே எடத்துல இருந்துச்சு, கடல் அதே எடத்துல இருந்துச்சு, கீழ ரயிலும் எக்ஸ்பிரஸ்வேயும் லாரியுமா ஓடிட்டு இருந்துச்சு. மலை இருக்க வேண்டிய எடத்துல மேல அடர்த்தியா சாம்பல் கலர், கீழ வரவர கரைஞ்சு தண்ணியோட தண்ணியா போச்சு. பக்கத்துல ஒரு தாத்தா ட்ரைபாட்ல கேமரா வெச்சிட்டு உக்காந்திருந்தாரு. எனக்கு தெரிஞ்ச அரைகுறை ஜப்பானீஸ்ல "போகாஷி"ன்னு வானத்த காட்டினேன், அவரு பாத்துட்டு, நல்ல சூரிஷிதான், ஆனா இன்னைக்கு நீலம் தீந்துடுச்சு போலன்னு ஏதோ அந்த அர்த்தத்துல சொல்லிட்டு லென்ஸ மூடினாரு.